வாகனம்: வாசகர் கேள்வி – பதில்
புஷ் ராடு நீளமும் பழைய என்ஜின்களும்

பழைய கார்களைச் சீரமைத்து வரும் வாசகர்களிடமிருந்து புஷ் ராடு (கேம் ஷாஃப்டின் தள்ளலை டேப்பட்டிலிருந்து வாங்கி, ராக்கர் என்னும் நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கவைக்கும் எஃகுத் தண்டு) பற்றிக் கேள்விகள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் கொண்ட பழைய அம்பாசிடர் இருக்கிறது. சென்ற மாதம் என்ஜினை முழுமையாகப் பிரித்து வேலை பார்த்தோம். ஹெட் இதற்கு முன் ஒரு முறையும் இப்போது ஒரு முறையுமாக மொத்தம் 50 தவ் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்தல்) ஆகியிருக்கிறது. வால்வு சீட்டுகளைப் (வால்வு மூடும்போது உட்காரும் வளையப் பரப்புகளை) புதிதாக வெட்டினார்கள். கேம் ஷாஃப்டும் கிரைண்டிங் ஆனது. இப்போது டேப்பட் செட் செய்ய (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இடைவெளி வைக்க) பார்த்தால், ஸ்குரூவை எவ்வளவு மேலே ஏற்றினாலும் இரண்டு வால்வுகளில் இடைவெளியே கிடைக்கவில்லை. ஸ்குரூவின் குண்டுத் தலை ராக்கரின் அடிப்பக்கத்தில் முட்டி நிற்கிறது. புஷ் ராடுகளின் நுனியைக் கொஞ்சம் தேய்த்துக் குட்டையாக்கிவிடலாம் என்கிறார் லேத் பட்டறைக்காரர். செய்யலாமா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: செய்ய வேண்டாம். புஷ் ராடின் இரு முனைகளும் கடினமூட்டப்பட்டவை. கீழ்முனைக் குண்டு டேப்பட்டுக்குள்ளும், மேல்முனைக் கிண்ணம் ராக்கர் ஸ்குரூவின் குண்டின் மீதும் பல கோடி முறை அசைந்தும் தேயாமல் இருப்பதற்கு அந்தக் கடினமான மேல்தோலே காரணம். அதைத் தேய்த்தெடுத்தால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வெளியே வந்துவிடும். குண்டின் வடிவமும் கெடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டேப்பட் சத்தம் திரும்ப வருவதோடு, தேய்ந்த இரும்புத் தூள் எண்ணெயில் கலந்து புதிதாகப் போட்ட பேரிங்குகளுக்கும் போய்ச் சேரும்.

அதற்கு முன்னால், நீளம் எங்கிருந்து மிகுந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடு வளரவில்லை, அதைச் சுற்றியிருந்தவை மாறியிருக்கின்றன. ஒரு தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. ஆகவே 50 தவ் ஃபேஸிங் என்றால் ஹெட்டும் அதன் மேலுள்ள ராக்கர் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டை நோக்கி 1.27 மி.மீ. இறங்கிவிட்டன, தேவைப்படும் ராடு நீளமும் அதே அளவு குறைந்துவிட்டது. வால்வு சீட்டை வெட்டும்போது வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்து, அதன் தண்டு மேல்நோக்கி உயர்கிறது. ராக்கரின் ஒரு முனையை அது தூக்கும்போது மறுமுனை இறங்குகிறது. உங்கள் என்ஜினில் ராக்கரின் விகிதம் (அதன் வால்வுப் பக்கக் கை புஷ் ராடு பக்கக் கையைப் போல் எத்தனை மடங்கு நீளம் என்பது) ஏறக்குறைய 1.4 என்பதால், தண்டு 1 மி.மீ. உயர்ந்தால் புஷ் ராடு பக்கம் சுமார் 0.7 மி.மீ. இறங்கும். இவ்விரண்டும் ராடை மிகையான நீளமாக்கும் மாற்றங்கள். கேம் கிரைண்டிங் இதற்கு நேர்மாறானது: கேமின் அடிவட்டம் (வால்வு மூடியிருக்கும்போது டேப்பட் நிற்கும் வட்டப் பகுதி) சிறுத்தால் டேப்பட் கீழே இறங்குகிறது, அந்த அளவுக்கு நீளமான ராடு வேண்டும். டேப்பட்டின் அடியைத் தேய்த்திருந்தாலும், முன்பைவிடத் தடித்த கேஸ்கட் போட்டிருந்தாலும் அப்படியே.

கேமின் அடிவட்டம் ஆரத்தில் 0.4 மி.மீ. குறைந்திருக்கிறது என்றும், வால்வுத் தண்டுகள் 0.5 முதல் 0.9 மி.மீ. வரை உயர்ந்திருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். குறைவாக அமிழ்ந்த வால்வில் 1.27, 0.35 ஆகிய இரண்டையும் கூட்டி 0.4-ஐக் கழித்தால், ராடு 1.22 மி.மீ. மிகையாக இருக்கிறது. அதிகமாக அமிழ்ந்த வால்வில் அதே கணக்கு 1.50 மி.மீ. என்று வரும். எட்டில் இரண்டு மட்டும் ஏன் முட்டுகின்றன என்பதற்கு இதில் விடை இருக்கக்கூடும். அந்த இரண்டு சீட்டுகளும் மற்றவற்றைவிட ஆழமாக வெட்டப்பட்டிருக்கலாம். ஸ்பிரிங் உட்காரும் பரப்பிலிருந்து ஒவ்வொரு வால்வுத் தண்டின் உச்சி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வெர்னியரால் அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு வால்வுகள் மட்டும் மிக உயரமாக நின்றால், புஷ் ராடை விட்டுவிட்டு அந்த இடங்களில் புதிய சீட் வளையம் அடித்து வெட்டுவதே சரியான மருந்து.

எட்டு ராடுகளின் நீளத்தையும் தனியே பார்த்துவிடுங்கள். பழைய வண்டிகளில் எங்கெங்கோ கழற்றிய ராடுகள் ஒன்றாகக் கலந்து கிடப்பது புதிதல்ல. மேல்முனை கிண்ணமாக இருப்பதால் வெர்னியரின் தாடைகளை நேரடியாக வைத்து அளப்பது ஏமாற்றும். எட்டுக்கும் ஒரே எஃகுக் குண்டைக் கிண்ணத்தில் வைத்து, குண்டின் உச்சியிலிருந்து கீழ்முனை வரை அளந்து ஒப்பிடுங்கள்.

இனித் தீர்வுக்கு வருவோம். உங்கள் என்ஜினில் ராக்கர்கள் ஒரே ஷாஃப்டில் கோக்கப்பட்டு, அந்த ஷாஃப்ட் ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இத்தகைய அமைப்பில் ராக்கர் எந்தக் கோணத்தில் வால்வை அழுத்துகிறது என்பதை ஷாஃப்டின் உயரமும் வால்வுத் தண்டின் உயரமுமே முடிவு செய்கின்றன. புஷ் ராடின் நீளம் ஸ்குரூ எங்கே நிற்கும் என்பதை மட்டும் மாற்றும். வால்வுத் தண்டுகள் சராசரியாக 0.7 மி.மீ. உயர்ந்துவிட்ட நிலையில் ராடை மட்டும் குட்டையாக்கினால், ஸ்குரூவுக்கு இடம் கிடைக்கும். ஆனால் ராக்கர் வால்வை அழுத்தும் கோணம் கெட்டபடியே இருக்கும். மாறாக, ஸ்டாண்டுகளின் அடியில் 0.7 மி.மீ. தகடு வைத்து ஷாஃப்டை உயர்த்தினால் கோணம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ராக்கர் நடுவில் உயரும்போது வால்வுப் பக்கம் அசையாமல் நிற்பதால், புஷ் ராடு பக்கம் தகட்டின் தடிமனைவிட 1.7 மடங்கு, அதாவது 1.19 மி.மீ. உயர்கிறது. மேலே போட்ட கணக்கில் மிகையான 1.22 மி.மீ. கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துவிடும், 1.50 உள்ள வால்விலும் மீதமிருக்கும் 0.3 மி.மீ.-ஐ ஸ்குரூ பார்த்துக்கொள்ளும். உங்கள் என்ஜினில் அளந்த எண்களை இந்தக் கணக்கில் போட்டு, வரும் விடைக்கேற்பத் தகட்டின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

தகட்டை எல்லா ஸ்டாண்டுகளுக்கும் ஒரே தடிமனில் போட வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் வளையும். ராக்கர் ஷாஃப்டுக்கு எண்ணெய் ஒரு ஸ்டாண்டின் வழியாகவே ஏறி வருகிறது. அந்த ஸ்டாண்டின் அடித் தகட்டில் எண்ணெய்த் துளையைச் சரியான இடத்தில் போட மறந்தால் மேலே சொட்டு எண்ணெய் வராது. நான் பார்த்த ஓர் என்ஜினில் இந்தத் துளையை மறந்துவிட்டு, ராக்கர் புஷ்கள் கருகிய பிறகு எண்ணெய் பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று: இந்த என்ஜினில் ராக்கர் ஸ்டாண்டுகளைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகள் அனைத்தையும் வரிசைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்தி, அதே போலத் திரும்ப முறுக்குங்கள். முறுக்கிய பிறகு என்ஜின் குளிர்ந்த நிலையில் 15 தவ் ஃபில்லர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பட் செட் செய்து, ராக்கர் கவரின் உட்பக்கத்தில் எதுவும் தட்டவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனது மொரிஸ் மைனரில் ஒரு புஷ் ராடு வளைந்துவிட்டது. கல்லில் வைத்துத் தட்டி நேராக்கிப் போட்டேன். இரண்டு வாரத்தில் அதே ராடு மீண்டும் வளைந்துவிட்டது. நீளம் பிழையாக இருப்பதால் இப்படி நடக்குமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் வண்டியில் இருப்பதும் ஸ்குரூவால் இடைவெளி சரிசெய்யப்படும் ராக்கர்தான். இடைவெளி சரியாக வைக்கப்பட்டிருந்தால், நீளத்தில் உள்ள சிறு வேறுபாடு ராடை வளைக்காது. ஒரே ராடு இரண்டாம் முறையும் வளைகிறது என்றால், அந்த வால்வு எங்கோ தடைபடுகிறது என்றே கொள்ள வேண்டும். வால்வுத் தண்டு, அது ஏறி இறங்கும் குழலான கைடுக்குள் இறுகிப் பிடித்திருக்கலாம். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் இதுவே முதல் சந்தேகம். அடுத்தபடியாக, மாற்றிப் போட்ட ஸ்பிரிங் முழுத் திறப்பில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு நெருங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி வால்வைக் கையால் ஏற்றி இறக்கினால் எங்கே பிடிக்கிறது என்பது விரலுக்கே தெரியும்.

தட்டி நிமிர்த்திய ராடைத் திரும்பப் போடாதீர்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் வளைந்த இடத்தில் அதன் வலு குறைந்திருக்கும். மற்ற ஏழையும் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் அதுவும் வளைந்ததே. எந்த ராடு எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதால், அட்டைப் பெட்டியில் எட்டுத் துளை போட்டு எண்ணிட்டு நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: இங்கே ஒரு காராஜில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் 1970-களின் செவர்லே 350 வி8 என்ஜினை மறுபடி கட்டுகிறோம். பழைய தட்டை டேப்பட்டுகளை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்களும் (அடியில் உருளையும் உள்ளே எண்ணெயால் இயங்கும் பிஸ்டனும் கொண்ட டேப்பட்டுகள்) புதிய கேமும் அலுமினிய ஹெட்டுகளும் போடுகிறோம். பழைய ராடு 7.8 அங்குலம். ரோலர் என்றால் 7.2 அங்குலம் என்று கடைக்காரர் ஒரு செட் கொடுத்துவிட்டார். அப்படியே போடலாமா?
— ஒரு வாசகர், ஷார்ஜா

பதில்: கடைக்காரர் சொன்ன எண்ணுக்கு ஆதாரம் உண்டு. இந்த வகை வி8 என்ஜின்களில் தொழிற்சாலையிலேயே தட்டை டேப்பட்டோடு வந்தவற்றுக்கு ஏறக்குறைய 7.8 அங்குல ராடும், 1987 முதல் ரோலர் லிஃப்டரோடு வந்தவற்றுக்கு ஏறக்குறைய 7.2 அங்குல ராடும் போடப்பட்டன. ரோலர் லிஃப்டர் உயரமானது என்பதால் ராடு குட்டையாகிறது. ஆனால் உங்கள் என்ஜின் இரண்டில் எதுவும் அல்ல. கேமின் அடிவட்டம் வேறு. லிஃப்டரில் ராடு உட்காரும் கிண்ணத்தின் உயரம் வேறு. ஹெட்டில் வால்வுகள் நீளமானவையாக இருக்கலாம். 7.2 என்பதை அளவெடுக்கத் தொடங்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கரூர் வாசகருக்குச் சொன்னதிலிருந்து உங்கள் என்ஜின் முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகிறது. இதில் ராக்கர் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டடில், மேலும் கீழும் நகரக்கூடிய நட்டின் அடியில் நிற்கிறது. ராடு நீண்டால் ராக்கரின் நடு அச்சு உயர வேண்டும். குறைந்தால் தாழ வேண்டும். ஆகவே இங்கே வால்வை ராக்கர் அழுத்தும் கோணத்தை ராடின் நீளமே முடிவு செய்கிறது. தவறான நீளத்திலும் நட்டை முறுக்கிச் சத்தமில்லாமல் ஓட்டிவிடலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேய்ந்து எண்ணெய்ப் புகை வரும்போதுதான் தெரியும்.

அளப்பதற்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவு ராடு ஒன்று வாங்குங்கள். ஹெட்டை உண்மையாகப் போடப்போகும் கேஸ்கட்டோடு முழு முறுக்கில் பொருத்துங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளிலும் வழக்கமான ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கையால் அழுத்தக்கூடிய மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இல்லையென்றால் ஹைட்ராலிக் லிஃப்டரின் உள் பிஸ்டன் அமுங்கி, அளவைப் பொய்யாக்கும். லிஃப்டரை எண்ணெயில்லாமல், உள் பிஸ்டன் மேல் பூட்டில் முட்டி நிற்கும் நிலையில் வையுங்கள். கேமின் அடிவட்டத்தில் லிஃப்டர் நிற்க வேண்டும் அல்லவா? அதற்கு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது இன்டேக்கையும், இன்டேக் முழுதாகத் திறந்து மூடிக்கொண்டு வரும்போது எக்ஸாஸ்டையும் அளந்தால் போதும்.

வால்வுத் தண்டின் உச்சியில் மார்க்கர் மை பூசி, ராக்கரை இடைவெளி இல்லாமல் பொருத்தி, என்ஜினைக் கையால் சில சுற்றுகள் சுற்றுங்கள். ரோலர் முனை கொண்ட ராக்கரானால், வால்வு திறக்கத் தொடங்கும்போது அந்த முனை தண்டின் மேல் ஸ்டடை விட்டு விலகிச் சென்று, பாதித் திறப்பில் நின்று, மீதித் திறப்பில் அதே அளவு திரும்பி வர வேண்டும். அப்போது பாதித் திறப்பில் ராக்கர் வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்கும். மையில் விழும் தடம் மிகக் குறுகலாக இருக்கும். திறப்பு முழுவதும் முனை விலகிக்கொண்டே போனால் ராடு குட்டை. தொடக்கத்திலிருந்தே ஸ்டடை நோக்கி வந்துகொண்டிருந்தால் ராடு நீளம். தடம் தண்டின் நடுவில் விழுகிறதா என்பதையே பலர் பார்க்கிறார்கள். நான் தடத்தின் அகலத்தை முதலில் பார்ப்பேன். குறுகலான தடம் நடுவிலிருந்து சற்றே விலகி விழுவதை ஏற்றுக்கொள்ளலாம். அகலமான தடம் நடுவில் விழுந்தாலும் அந்த நீளம் தவறுதான். குறுகலான தடம் தண்டின் ஓரத்துக்கே போய்விட்டால், ராக்கரோ வால்வோ ஒன்றுக்கொன்று பொருந்தாதவை; அதை ராடு நீளத்தால் திருத்த முடியாது.

தடம் மிகக் குறுகலாக விழும் நீளத்தைக் கண்டுபிடித்த பிறகு, லிஃப்டரின் உள் பிஸ்டன் எவ்வளவு அமுங்கி நிற்க வேண்டுமோ அந்த அளவை ராடின் நீளத்தோடு கூட்ட வேண்டும். லிஃப்டர் செய்தவர் சொல்லும் அளவே இதில் இறுதியானது. பெரும்பாலும் அது 20 முதல் 60 தவ்வுக்குள் இருக்கும். ராக்கர் நட்டைச் சுற்றும் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டடின் மரை அங்குலத்துக்கு 24 என்றால் அரைச் சுற்றில் நட்டு 0.53 மி.மீ. இறங்கும். பிஸ்டனும் அவ்வளவுதான் அமுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வால்வுப் பக்கம் அசையாமல் ராக்கர் சாய்வதால், 1.5 விகித ராக்கரில் புஷ் ராடு பக்கம் 0.88 மி.மீ., அதாவது சுமார் 35 தவ் இறங்குகிறது.

வாங்கும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. குழாய் ராடின் இரு குண்டு முனைகளிலும் எண்ணெய்த் துளை இருப்பதால் குண்டின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். 5/16 அங்குலக் குண்டில் 0.1 அங்குலத் துளை இருந்தால், ஒவ்வொரு முனையிலும் 8 தவ் வீதம் மொத்தம் 16 தவ் குறையும். சிலர் துளையின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளந்து நீளம் சொல்கிறார்கள். சிலர் குண்டு முழுதாக இருப்பதாகக் கருதிச் சொல்கிறார்கள். உங்கள் அளவை எந்த முறையில் எடுத்தீர்கள் என்று எழுதிக்கொடுங்கள். கடைகளில் ராடுகள் வழக்கமாக 50 தவ் இடைவெளியில் கிடைக்கும் என்பதால் உங்கள் அளவுக்கு மிக அருகில் உள்ளதை எடுத்தால் போதுமானது. ஒரே சிலிண்டரில் அளந்ததோடு நிற்காமல், எதிர் வரிசையில் ஒரு சிலிண்டரிலும், இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டிலும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு நீளம் தேவைப்படும் என்ஜின்களும் உண்டு.

கேள்வி: பிரீமியர் பத்மினியில் டேப்பட்டைக் குளிர்ந்த நிலையில் செட் செய்கிறோம். என்ஜின் சூடானதும் புஷ் ராடு நீண்டு, இடைவெளி குறைந்து, வால்வு மூடாமல் போய்விடாதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: ராடு நீளும், ஆனால் அதைச் சூழ்ந்திருக்கும் பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்தே நீளும். 100 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு 70 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. நீள்கிறது, எஃகு ராடும் ஏறக்குறைய அவ்வளவே நீள்கிறது. அதே நீளமுள்ள அலுமினியம் 0.16 மி.மீ. நீள்கிறது. பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால், ராடைவிட ஹெட் அதிகமாக உயர்ந்து, ராடு பக்கத்தில் இடைவெளி சற்றுக் கூடத்தான் செய்யும். நேர்மாறாக இடைவெளியைக் குறைப்பது வால்வு: எரிந்த வாயுவின் நடுவில் நிற்கும் எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட்டைவிட மிக அதிகமாகச் சூடேறித் தண்டு நீள்கிறது. இவையெல்லாவற்றையும் கணக்கிட்டே கையேட்டில் குளிர்நிலை அளவு தரப்பட்டிருக்கிறது. அதை இன்னும் இறுக்கமாக வைத்தால் சத்தம் குறையும் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். முந்தைய இரவு நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவு பாருங்கள். இன்டேக்கின் அளவும் எக்ஸாஸ்டின் அளவும் ஒன்றா, வேறா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு ஃபில்லரை எடுங்கள்.